விளக்கெண்ணெய் ஊற்றிய கை

நாத்தம் வருதுங்களா அக்கா? விளக்கெண்ணெய்ங்க. மூடியெல்லாம் இறுக்கித்தான் கட்டினேன், சாக்குக்கு மேல சாக்கு போட்டுத்தான் கொண்டாந்தேன், அப்படியும் வருது. நீங்க காலை மட்டும் அந்தப் பக்கமா வச்சுக்குங்க. மிதிபட்டுறக் கூடாது. குழந்தையைக் கொடுத்துருங்க, உங்களுக்குச் சேலை கசங்குது. தூங்கிட்டாளா? சரி, அப்ப இருக்கட்டும். மேட்டுப்பாளையத்துல நீங்க கை நீட்டி இவளை வாங்கலைன்னா, இவளையும் தூக்கிட்டு, மூட்டையையும் பிடிச்சுக்கிட்டு, கம்பியைப் பிடிக்க எனக்கு மூணாவது கை வேணும்.

மூணாவது கைன்னு சும்மா சொல்லலைங்க. இந்தச் சாக்குல இருக்கறது கைதான்.

ஐயோ, பயப்படாதீங்க! மனுசக் கை இல்லை. நான் செஞ்ச கை. ஊசி போடற சிரிஞ்சு, சலைன் ட்யூபு, கார் கண்ணாடியை ஏத்தி இறக்கற மோட்டாரு, எங்க வீட்டு இடுக்கி, அடுப்புல இருந்து பாத்திரம் இறக்கற இடுக்கியேதான், எல்லாம் சேர்ந்தது. சுவிட்சைத் தள்ளினா நீளும், மடங்கும், கவ்வும், விடும். ஏன் சிரிக்கறீங்க? சிரிங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

கோவிச்சுக்காதீங்க அக்கா. காலையில இருந்தே எனக்கு மனசு கொதிச்சுக்கிட்டு இருக்குது. யார் வாயைத் திறந்தாலும் கடிச்சுறலாம் போல இருக்குது. இப்ப நான் போறது கோயமுத்தூர், தொழிலாளர் ஆபீசுக்கு. பதினொரு மணிக்கு விசாரணை. எங்க கம்பெனியில வேலை பார்த்த சாரதாமணி அக்காவுக்கு வலது கை மிஷின்ல போயிருச்சு. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க, இன்னும் ரெண்டு மடங்கவே மடங்காது. அவங்களுக்கு நஷ்டஈடு உண்டா, இல்லையான்னு இன்னைக்கு நான் சொல்றதுலதான் இருக்குது. என் பேச்சுல! கடைக்காரர் ரெண்டு தடவை 'என்ன வேணும்'னு சத்தமாக் கேட்டா ஒண்ணும் வேண்டாம்னு திரும்பி வர்றவ நான். உங்ககிட்ட இவ்வளவு பேசறேன்னா, நீங்க யாரோ, நான் யாரோ, வடகோவையில இறங்கினா யார் முகம் யாருக்குத் தெரியும், அந்தத் தைரியம்தான்.

நடந்தது இவ்வளவுதான். நான் செஞ்ச கை மிஷின்ல மாட்டியிருந்தவரைக்கும் யார் விரலுக்கும் ஒண்ணும் ஆகலை. அன்னைக்குக் காலையில கழட்டி வச்சுட்டாங்க. அந்தக் காமணி நேரத்துலயே சாரதாமணி அக்கா கை போயிருச்சு. இப்ப எங்க முதலாளி மருதாசலம் அண்ணன் என்ன சொல்றார் தெரியுங்களா? கழட்டினது சாரதாமணிதான்னு சொல்லச் சொல்றார். என் வாயால சொல்லச் சொல்றார்.

முதல்ல இருந்து சொல்றேன். இல்லைன்னா உங்களுக்குப் புரியாது.

கம்பெனின்னா பெருசா நினைச்சுறாதீங்க. சிறுமுகையில ஒரு பழைய தறிக்கொட்டாய். தறியைத் தூக்கிட்டு நாலு பிரஸ் மிஷினை இறக்கியிருக்கார். பாக்குமட்டைத் தட்டு பார்த்திருப்பீங்க, கல்யாணத்துல டிபன் வைக்கறது. தோட்டத்துல விழுந்த மட்டையைத் தொட்டியில ஊறப்போட்டு, தேச்சுக் கழுவி, ஈரத்தோட அச்சு மேல வைக்கணும். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, ரெண்டும் தோசைக்கல்லு மாதிரி காஞ்சு கிடக்கும். பக்கத்துல நிக்கறவ பெடலை மிதிச்சா மேல் அச்சு இறங்கி அமுக்கும். பதினஞ்சு எண்ணினதும் அச்சைத் தூக்கித் தட்டை எடுக்கணும்.

இதுல என்ன கஷ்டம்னா, மட்டை சும்மா படுக்காது. ஈரமட்டை சூட்டுல பட்டதும் சுருண்டு எழும்பும். ரெண்டு கையால ஓரத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, மேல் அச்சு வந்து தொடற கடைசி நேரத்துல கையை உருவணும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை உருவணும் அக்கா. ஆயிரத்துல ஒரு தடவை தப்பாதா? எங்கள்ல ஒருத்தி விரலாச்சும் சுட்ட தழும்பு இல்லாம இருக்கான்னு பாருங்க. இதோ, இது என்னது. இதுவும். வீட்டுக்குப் போய் இவளுக்குச் சோறு பிசைஞ்சா உப்பு பட்டு எரியும். இவளுக்கு அப்ப ஒரு வயசு. 'உஃப் உஃப்'னு என் விரலை ஊதுவா. பாலை ஊதிக் குடிக்கறது தெரியாத வயசுல விரலை ஊதத் தெரிஞ்சுக்கிட்டா. அதைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது. அழுகை இல்லைங்க, ஆத்திரம். கறிவேப்பிலையைக் கிள்ளற மாதிரி மனுசன் விரலைக் கிள்ளறதுக்கு ஒரு மிஷினான்னு.

எனக்குப் படிப்பு ஆறாவதோட சரி. எங்கப்பா போர்வெல் மோட்டார் கழட்டறவர். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆள் வேணும்னு பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டார். அதனால எனக்கு வாய்ப்பாடு பன்னண்டு வரைக்கும் வராது, ஆனா போல்ட்டைப் பார்த்தாப் பத்தாம் நம்பரா பன்னண்டாம் நம்பரான்னு சொல்லிருவேன். போன் வீடியோவுல ஒருத்தன் சிரிஞ்சை வச்சு அட்டையில கை செஞ்சு காட்டினான். இந்தியில பேசறான். எனக்கு ஒரு வார்த்தை புரியலை. புரிஞ்சு என்ன ஆகணும்? அவன் வாயையா பார்த்தேன், கையைத்தான் பார்த்தேன். ஒரு சிரிஞ்சை அமுக்கினா ட்யூபு வழியாத் தண்ணி போய் அந்தப் பக்கத்துச் சிரிஞ்சு நீளுது. அட, நம்ம பிரஸ்ஸும் இதேதானே! அங்க எண்ணெய், இங்க தண்ணி. அங்க விரலை நசுக்குது, இங்க விரலுக்குப் பதிலா நீளுது.

சிரிஞ்சு வாங்கின கதையைக் கேளுங்க. மருந்துக்கடைக்காரர் 'டாக்டர் சீட்டு இருக்குதா, எதுக்கு எட்டு சிரிஞ்சு?'ங்கறார். கடை நிறைய ஆளுங்க. கை செய்யறதுக்குன்னு எப்படிச் சொல்றது? வாய்க்கு வந்தது, 'கன்னுக்குட்டிக்குங்க'ன்னுட்டேன். எங்க வீட்டுல கோழி கூடக் கிடையாது. அப்புறம் அந்தப் பக்கம் போனாலே 'கன்னுக்குட்டி எப்படி இருக்குதும்மா?' 'நல்லா இருக்குதுங்க.' 'பால் குடிக்குதா?' 'குடிக்குதுங்க.' ரெண்டு மாசம் இல்லாத கன்னுக்குட்டியை வளர்த்தேன்.

கையால அமுக்கற கை நமக்கு ஆகாது. ஒரு கையைக் காப்பாத்த இன்னொரு ஆள் நின்னு அமுக்கணும்னா அது எதுக்கு? அதனால மோட்டார் வச்சேன். பழைய கார் உடைக்கற கடையில கண்ணாடி மோட்டார் நாலு எடுத்துட்டு வரச் சொன்னேன் எங்க வீட்டுக்காரரை. மரை போட்ட நீளக் கம்பியை மோட்டார் சுத்தும், அதுல ஒரு நட்டு ஓடும், நட்டு சிரிஞ்சை அமுக்கும். சுவிட்சும் காரோடதுதான், மேலே தள்ளினா நீளும், கீழே தள்ளினா மடங்கும். கரண்டுக்கு அவரோட குட்டியானை வண்டியில கழட்டிப் போட்ட பேட்டரி. அவர் பேரு பூபதி. நல்ல மனுசன்தான், கெட்ட வாயி. 'ஏம்புள்ள, சோறாக்கற கைக்கு வேலை இல்லைன்னு இன்னொரு கை செய்யறியா?'ன்னு தெருவே கேக்கற மாதிரி கேட்டார். ஆனா மோட்டாரை மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்தார். அதையும் சொல்லணும்.

தண்ணி ஊத்தினேன், காத்துக் குமிழி புகுந்து கை வாதம் வந்த மாதிரி நடுங்குச்சு. பிரஸ்ஸுல இருந்தே மிஷின் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து ஊத்தினேன், மூணே நாள்ல சிரிஞ்சு ரப்பர் ஊறவச்ச கொண்டைக்கடலை மாதிரி உப்பி அசையவே மாட்டேன்னுருச்சு. அப்புறம்தான் தேங்காயெண்ணெய். என்ன அருமையா ஓடுச்சு தெரியுங்களா! குமிழி இல்லை, நடுக்கம் இல்லை. அலுமினியச் சட்டத்துல கையை வளைச்சு, முன்னாடி இடுக்கி வச்சு, சிரிஞ்செல்லாம் சூட்டுக்குத் தள்ளிப் பின்னாடி செவத்தோரமா. ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை மிஷின் முன்னாடி ரெண்டு போல்ட்டுல மாட்டினேன். மட்டையைக் கவ்வி உள்ளே கொண்டுபோய் அமுக்கிப் பிடிச்சுது, அச்சு தொடறதுக்கு முன்னாடி வெளியே வந்துருச்சு, அப்புறம் உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கிட்டு வந்துச்சு. நாங்க விரலை மடியில வச்சுக்கிட்டுப் பார்த்தோம் அக்கா. விரலை மடியில வச்சுக்கிட்டு!

ஆனா கொஞ்சம் மெதுவு. கையால மூணு தட்டு எடுக்கற நேரத்துல இது ரெண்டு எடுக்கும். பக்கத்து மிஷின்காரி, 'உன் கையும் உன்னை மாதிரியே கூச்சப்படுது புள்ள, அச்சுகிட்டப் போய் நின்னு யோசிக்குது பாரு'ங்கறா. இன்னொருத்தி 'பொண்ணு பார்க்க வந்த மாப்ளை பஜ்ஜி எடுக்கற மாதிரி எடுக்குது'ங்கறா. மண்டபம் மாதிரி சிரிப்பு. நான் ஒண்ணும் பேசலை. எப்பவும் பேசறதில்லை.

சாரதாமணி அக்கா மட்டும் சிரிக்கலை. அவங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுல ரெண்டு கறவை மாடு, விடியறதுக்குள்ள பால் பீச்சி ஊத்திட்டு வேலைக்கு வந்துருவாங்க. குனிஞ்சு ட்யூபை மோந்து பார்த்தாங்க.

'ஏம்புள்ள, தேங்காயெண்ணெயா ஊத்தியிருக்கே?'

'ஆமாங்க்கா.'

'மார்கழி வந்தா உறைஞ்சுக்குமே. விளக்கெண்ணெய் ஊத்து. மாட்டுக்கு வயிறு உப்புனா நான் ஊத்தறேனே, எந்தக் குளுருக்கும் ஒழுகிட்டேதான் இருக்கும்.'

எனக்கு என்ன வந்ததோ தெரியலைங்க. எல்லாரும் சிரிச்ச கோவம் இருந்துச்சு உள்ளே. 'அக்கா, உங்களுக்கு மாட்டைப் பத்தித் தெரியும். இதைப் பத்தி எனக்குத் தெரியும்'னு பட்டுனு சொல்லிட்டேன். அந்த அக்காவே கையைத் தட்டி, 'அடேங்கப்பா, அம்முணிக்கு வாய் வந்துருச்சுடி!'ன்னாங்க. அன்னைக்குத்தான் நாலு பேர் இருக்கற இடத்துல முதல் தடவையா நான் பேசினேன். வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன், நானும் பேசிட்டேன்னு.

அது வேற விசயம். விடுங்க. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

மருதாசலம் அண்ணன் வந்தார். பார்த்தார். சுத்திச் சுத்திப் பார்த்தார். போனை எடுத்து, என்னை 'அம்முணி, கொஞ்சம் தள்ளி நில்லு'ன்னுட்டு, அவர் கையில சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு வீடியோ எடுக்கச் சொன்னார். சாயங்காலம் ஸ்டேட்டஸ்ல வருது: 'நமது நிறுவனத்தின் புதிய கண்டுபிடிப்பு.' கும்பிடு போட்ட கை நாலு, ராக்கெட் ரெண்டு. என் பேரு? கிடையாது. பேரை விடுங்க, அந்த இடுக்கி என்னது அக்கா! எங்கம்மா சீர்வரிசையில வச்ச இடுக்கி! அது கெடக்குது, அதை நான் கேக்கலை. 'நாலு மிஷினுக்கும் இதே மாதிரி மாட்டலாமுங்க'ன்னு கேக்கணும்னு மூணு நாள் சொல்லிப் பார்த்துக்கிட்டேன். நாலாம் நாள் அவர்கிட்டப் போய் நின்னேன். 'என்ன அம்முணி?'ன்னார். 'ஒண்ணும் இல்லைங்க'ன்னு வந்துட்டேன்.

என் மேலயும் எனக்குக் கோவம் வருதுங்க. அதுக்காக அவர் மேல குறையறதில்லை.

சீட்டுங்களா? எடுத்தாச்சுங்க கண்டக்டர், எடுத்தாச்சு. ஏன் கத்தறீங்க, குழந்தை தூங்குது. மூட்டைக்குமா? மூட்டைக்கு எதுக்குங்க லக்கேஜு, மடியில வச்சுக்கறேன். இதோ, வச்சுக்கிட்டேன். பார்த்தீங்களா அக்கா, எங்க போனாலும் ஒருத்தர் நிக்கறார் பெருசாக் கத்தறதுக்கு.

மார்கழி கடைசி. தைப்பூசத்து அன்னதானத்துக்குப் பத்தாயிரம் தட்டு ஆர்டர். எப்பவும் வெயில் ஏறின பிறகுதான் மிஷின் ஓடும். அன்னைக்கு விடிஞ்சும் விடியாம ஆறு மணிக்குப் போனோம். மலையில இருந்து இறங்கற குளுரு உங்களுக்குத் தெரியாது, எங்க ஊர்ல மூச்சு விட்டாப் புகை வரும். சுவிட்சைத் தள்ளினேன். மோட்டார் முக்குது. கை அசையலை. இன்னொரு தடவை தள்ளினேன், ட்யூபு பொட்டுனு கழண்டு வந்துச்சு. உள்ளே வெள்ளை வெள்ளையா, மெழுகுவத்தி மாதிரி. அச்சோரம் இருந்த முனை மட்டும் உருகியிருக்கு, செவத்தோரம் இருந்ததெல்லாம் கல்லு.

ஒரு சொம்பு வெந்நி போதும் அக்கா. ட்யூபு மேல ஊத்திட்டுப் பத்து நிமிசம் விட்டா உருகியிருக்கும். பத்தே நிமிசம். தொண்டை வரைக்கும் வந்துருச்சு அந்த வார்த்தை, 'பத்து நிமிசம் பொறுங்க'ன்னு.

மருதாசலம் அண்ணன் பின்னாடி நின்னு கத்தறார். 'உன் பொம்மையைக் கழட்டிக் கடாசு! பத்தாயிரம் தட்டை நீயா கொடுப்பே? இது நிக்கற இடத்துல ஆள் நிக்கணும், கழட்டு!' கழட்டியாச்சு. சாரதாமணி அக்கா வந்து நின்னாங்க. பெடல்காரி அன்னைக்கு வரலை. 'நானே மிதிக்கறேன்'னு அவரே வந்து காலை வச்சார். வச்சவர் சும்மா மிதிச்சாரா? காதுல போனு. ஆர்டர் கொடுத்த மண்டபத்துக்காரன் கூப்பிடறான். 'வந்துரும் அண்ணே, மத்தியானத்துக்குள்ள வந்துரும்'னு பேசிக்கிட்டே மிதிக்கறார். மட்டை சுருண்டுச்சு. அக்கா ஓரத்தை அமுக்கினாங்க. 'இருங்க'ன்னு சொன்னாங்க. நான் கேட்டேன். 'இருங்க'ன்னுதான் சொன்னாங்க. அவர் 'வந்துரும் வந்துரும்'னு மிதிச்சார்.

அந்தச் சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். குழந்தை உங்க மடியில இருக்குது.

ஆஸ்பத்திரிக்கு அவர் கார்லயேதான் கொண்டு போனார், இல்லைங்கலை. சீட்டுல கோணிச்சாக்கு விரிச்சுட்டு ஏத்தினார். அதையும் நான் பார்த்தேன். ரத்தம் படுமாம்.

போன வாரம் எங்க வீட்டுக்கு வந்தார் அக்கா. என் கல்யாணத்துக்கு வராதவர், இவ பேர் வைக்கக் கூப்பிட்டப்ப வராதவர், பிஸ்கெட் பொட்டலத்தோட வந்து பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்தார். எங்க வீட்டுக்காரர் லுங்கியை இறக்கி விட்டுக்கிட்டு நிக்கறார், அவர் வீட்டுல அவர் நிக்கறார்!

'அம்முணி, பயப்படாதே. நீ சொல்ல வேண்டியது ஒரே வரி. கம்பெனி பாதுகாப்புக்குக் கை மாட்டி வச்சிருந்துச்சு. சாரதாமணி அவசரத்துல அதைக் கழட்டிட்டு, தானே பெடலையும் மிதிச்சுருச்சு. அவ்வளவுதான். பாதுகாப்புக்கு வச்சதைத் தொழிலாளியே கழட்டினா கம்பெனி பொறுப்பில்லைன்னு வக்கீல் சொல்றார்.'

அந்தக் கை மேல அவருக்கு அன்னைக்கு வந்த மரியாதையைப் பார்க்கணுமே! பொம்மைன்னவர், கடாசுன்னவர், 'அதையும் கொண்டு வா, ஆபீசர் பார்க்கட்டும், நம்ம கம்பெனி எவ்வளவு செஞ்சிருக்குன்னு தெரியட்டும்'ங்கறார். என்னை மேஸ்திரி ஆக்கறாராம். நாலு மிஷினுக்கும் கை மாட்டறாராம். என் பேரைப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கறாராம். நான் மூணு நாள் மனப்பாடம் பண்ணிக் கேக்க முடியாததை எல்லாம், ஒருத்தி விரல் போனதும் தட்டுல வச்சு நீட்டறார் அக்கா. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. ஆனா வாய்? வாய் வரலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு டம்ளரைக் கழுவறேன்.

எந்திரிக்கறப்ப ஒண்ணு சொன்னார். மெதுவாச் சொன்னார், சிரிச்சுக்கிட்டே. 'இல்லை, சாரதாமணி கழட்டலைன்னு நீ சொன்னேன்னு வச்சுக்கோ. அப்ப கழட்டினது யாருன்னு அடுத்தாப்புல கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவே?'

அவர் போனதும் எங்க வீட்டுக்காரர் சொல்றார், 'பேசாம அவர் சொன்னதைச் சொல்லிட்டு வந்துரு புள்ள. இல்லைன்னா வாயே திறக்காதே. உனக்குப் பேச வராதுன்னு ஊருக்கே தெரியும், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.' பாருங்க! எனக்கு இருக்கற குறையை எனக்கே குடை மாதிரி பிடிச்சுக்கச் சொல்றார். அன்னைக்குச் சோத்துச் சட்டியை நான் வச்ச வேகத்துல அது ஒடுங்கியே போச்சு. இன்னும் அப்படியேதான் கிடக்குது.

இன்னைக்குக் காலையில கார் அனுப்பினார். 'வா அம்முணி, ஏசி கார்ல போலாம், வழியில ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கலாம்.' நான் கொல்லை வழியா மூட்டையைத் தூக்கிட்டு, இவளை இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். அந்த சீட்டுல நான் உட்காருவேனா? சாக்கு விரிச்ச சீட்டு.

துடியலூர் தாண்டிருச்சுங்களா? அப்ப இன்னும் கொஞ்ச தூரம்தான்.

நீங்க ஒண்ணு கேக்கணும்னு வாயெடுத்தீங்க, நான்தான் விடலை. கேளுங்க. இல்லை, வேண்டாம், கேக்க வேண்டாம். எனக்கே தெரியும் என்ன கேப்பீங்கன்னு. மருதாசலம் அண்ணன் கேட்டதுதான்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு தடவைதான் போனேன். நாலு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். ஒத்தைக் கையால உரிக்க முடியாதேன்னு அங்க போன பிறகுதான் உறைச்சுது. நானே உரிச்சு வச்சேன். கட்டுப் போட்ட கையைத் தலகாணி மேல வச்சுக்கிட்டுப் படுத்திருந்தாங்க. மாடு ரெண்டையும் வித்தாச்சாம். பீச்ச ஆள் இல்லை. நான் திட்டு வாங்கறதுக்குத்தான் போனேன் அக்கா. திட்டியிருந்தா அழுதுட்டு வந்திருப்பேன். முதலாளியைக் கூட அவங்க ஒரு வார்த்தை பேசலை. ஆரஞ்சுச் சுளையை வாயில போட்டுக்கிட்டு என்னையே பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க:

'இப்ப என்ன எண்ணெய் புள்ள ஊத்தியிருக்கே?'

அவ்வளவுதான். குத்திக் காட்டற மாதிரி இல்லை. சோறு ஆச்சான்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. இன்னும் தேங்காயெண்ணெய்தான் இருந்துச்சு அதுல. உறைஞ்சு, எங்க வீட்டு மூலையில கிடந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்.

வந்த அன்னைக்கே ஒவ்வொரு சிரிஞ்சாக் கழட்டி, வெந்நி விட்டு அலசி, விளக்கெண்ணெய் ஊத்தினேன். பசை மாதிரி இருக்குமோ, ஓடாதோன்னு நினைச்சேன். ஓடுதுங்க. முன்னைவிட மெதுவு, ஆனா ஓடுது. விடிய அஞ்சு மணிக்கு வாசல்ல பனியில வச்சு சுவிட்சைத் தள்ளிப் பார்த்தேன். நீளுச்சு. கவ்வுச்சு. ஒரு தடவை கூட நிக்கலை. ஐப்பசியிலயே ஊத்தியிருந்தா—

அக்கா, முதல்ல உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்? 'கழட்டி வச்சுட்டாங்க'ன்னு சொன்னேன்ல? அப்புறம் இன்னொரு தடவை 'கழட்டியாச்சு'ன்னேன். நீங்க கவனிச்சீங்க. நீங்க கவனிச்சதை நானும் கவனிச்சேன்.

வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தப்பவும் அப்படித்தான் வருது. 'கழட்டிட்டாங்க.' யாரு? ரெண்டு போல்ட்டு, பத்தாம் நம்பர். என்னைத் தவிர அந்தக் கொட்டாய்ல பத்தாம் நம்பர் ஸ்பேனர் எதுன்னு யாருக்குத் தெரியும்? அவர் கழட்டுன்னு கத்தினார், நான் கழட்டினேன். ஒரு நிமிசம் கூட ஆகலை. அப்பா பழக்கின கை, வேகமாக் கழட்டும். கழட்டி ஓரமா வச்சுட்டு, ஸ்பேனரைத் துடைச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, சாரதாமணி அக்காவுக்கு வழி விட்டு நின்னேன். வழி விட்டேன் அக்கா. பத்து நிமிசம்னு சொல்ல வராத வாய், 'வாங்க்கா'ன்னு மட்டும் சொல்லுச்சு.

அதனால ஆபீசர்கிட்ட ரெண்டும் சொல்லணும். பெடலை மிதிச்சது அவர் கால். கழட்டினது என் கை. முதல்ல சொன்னதை மட்டும் சொன்னா அவர் ரெண்டாவதைச் சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்கிருவார். ரெண்டையும் நானே சொல்லிட்டா அவர்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு? வேலை போகும். போகட்டும். கேஸு என் மேலயும் வருமோ என்னமோ. எங்க வீட்டுக்காரர் கத்துவார். கத்தட்டும், சட்டி ஏற்கெனவே ஒடுங்கித்தான் இருக்குது.

உங்ககிட்ட இவ்வளவும் சொல்ல வந்துருச்சே, அங்க வராதான்னுதான் பார்க்கறேன். இங்க நீங்க ஒருத்தர். அங்க நாலு பேர் இருப்பாங்க, ஆபீசர், வக்கீல், மருதாசலம் அண்ணன். அப்புறம் சாரதாமணி அக்கா, அவங்க தம்பியோட வர்றாங்க. அவங்க முகத்தைப் பார்த்தா எனக்கு மறுபடியும் வாய் வராமப் போயிரும். அது எனக்குத் தெரியும்.

வடகோவை வந்துருச்சா? முதல்ல மூட்டையை இறக்கிக்கறேன். ஏங்க, கொஞ்சம் வழி விடுங்க, கீழே மோட்டார் இருக்குது, இடிக்காதீங்க! இப்பக் குழந்தையைக் கொடுங்க. உங்க சேலையில எச்சில் ஒழுக விட்டுட்டா பாருங்க. வர்றேங்க்கா.

சாக்கைப் பிரிக்காமயே வாசம் வருதில்லைங்களா? பஸ்ஸு பூரா வந்துருச்சே. அப்ப அந்த ரூம்லயும் வரும். நான் போய் நின்னதும், வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, என்ன எண்ணெய் ஊத்தியிருக்கேன்னு அந்த அக்காவுக்குத் தெரிஞ்சுரும்.

தெரிஞ்சு என்னை நிமிர்ந்து பார்ப்பாங்க. அப்புறம் நான் பேசாம இருக்க முடியாது.